எதிர்த் தண்டுக்காரன்

சின்ன காஞ்சிபுரம்
11.2.2024

அன்புள்ள சேகருக்கு,

மாணிக்கவேல் எழுதுவது. உன் நம்பருக்கு அடித்து அடித்து, அது உபயோகத்தில் இல்லை என்று சொல்லும் பெண்ணின் குரல் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. கடைசியில் உன் அக்கா பெரியநாயகியிடம் சண்டை போட்டு இந்த ஓசூர் விலாசத்தை வாங்கினேன். "யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினு போயிருக்கான்பா" என்றாள். நான் வாக்கரை ஊன்றிக்கொண்டு அவள் வீட்டு வாசல்வரை நடந்து போயிருந்தேன். என் நிலைமையைப் பார்த்ததும் சத்தியத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டாள். பத்தாம் வகுப்புக்குப் பிறகு நான் எழுதுகிற முதல் கடிதம் இது. கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

கால் சங்கதியைச் சொல்லிவிடுகிறேன். வலது தொடை எலும்பு இரண்டாகப் போயிருந்தது. இடுப்புப் பக்கம் சின்னதாகக் கிழித்து, எலும்புக்கு நடுவில் இருக்கிற பொந்து வழியாக முழங்கால்வரை ஒரு ராடை இறக்கி, மேலே இரண்டு, கீழே இரண்டு ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருக்கிறார்கள். முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்ததால் வலி தெரியவில்லை. காது மரக்கவில்லையே! சுத்தியால் அடிப்பது கேட்டுக்கொண்டே இருந்தது. வயரிங் வேலைக்காகச் சுவரில் பைப் பதிக்க நான் எத்தனை வீட்டில் அடித்திருப்பேன், அதே சத்தம். அடிக்கிற அடிக்கு உடம்பு மேஜையில் மேலே மேலே நகர்ந்தது. வலது கால் ஒரு விரல் அகலத்துக்கும் குறைவாகக் குட்டையாகிவிட்டதாம். செருப்பில் ஒரு அட்டை வைத்தால் தெரியாது என்றார் டாக்டரம்மா.

நீ ஏன் ஓடினாய்? மார்கழி ஏகாதசிப் புறப்பாடு முடிந்து, முசரவாக்கத்துக்குச் சாப்பிடப் போகலாம் என்று கூப்பிட்டது நான். "தூக்கம் வருதுபா, பத்து நிமிஷம் கண்ண மூடிக்கிறேன்" என்றாய். "வண்டில காத்து பட்டா தெளிஞ்சிடும், எட்றா" என்றதும் நான்தான். நீ ஹேண்டில் பாரைப் பிடித்தபடி தூங்கினாய், நான் உன் முதுகில் சாய்ந்து தூங்கினேன். ரோட்டோரம் நின்று நாம் போய் மோதின டிராக்டருக்கு நம் இரண்டு பேரையும் தெரியாது. நாய் குறுக்கே வந்தது என்று நீ போலீஸில் சொன்னாய், நானும் அதையே சொன்னேன். இப்போது தெருவே அந்த நாயைத் திட்டிக்கொண்டிருக்கிறது.

பதினாலு வருஷம் பெருமாளை நாம் தோளில் தூக்கியிருக்கிறோம். வாகனத்தின் வலது தண்டுக்கு முன்னால் நான், இடது தண்டுக்கு முன்னால் நீ. இரண்டு பேர் தோளும் ஒரே மட்டம். உன்னைத் தவிர எனக்கு எதிர்த் தண்டுக்கு ஆள் கிடையாது. திரும்பி வா.

வீட்டில் சத்யப்ரியாவும் மகள் ஜீவிதாவும் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள். சத்யா சொல்லவில்லை, நானே சேர்த்துக்கொண்டேன். அவள் கோபம் போகும்.

உன்
மாணிக்கம்


ஓசூர்
25.2.2024

அன்பு மாணிக்கத்துக்கு,

உன் கடிதம் நான்கு நாள் பிரிக்காமல் பையிலேயே இருந்தது. திட்டி எழுதியிருப்பாய் என்று நினைத்தேன். நீ திட்டாமல் எழுதியதைப் படித்த பிறகு, திட்டியிருக்கலாம் என்று தோன்றியது.

இங்கே ஒரு கம்பெனியில் ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிறேன். ஷிப்டுக்கு முன்னால் கட்டாயமாக ஆறு மணி நேரம் தூங்கிவிடுகிறேன். இப்போது தூங்கி என்ன பிரயோஜனம், சொல். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். அதுவும் பத்து நாளில் ஆறிவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் ஜீவிதா என் முழங்கையைப் பார்த்து, "சித்தப்பா, வலிக்குதா?" என்று கேட்டாள். உள்ளே உன்னைப் படுக்க வைத்திருந்தார்கள். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இந்த ஊரில் இருக்க முடியாது என்று.

புது நம்பரைக் கேட்காதே. எழுது, பதில் போடுகிறேன். உன் குரலைக் கேட்டால் என்னால் தாங்க முடியாது. கோழை என்று நீ நினைத்தால் அது சரிதான்.

பீடியை விட்டுவிடு. எலும்பு கூடுவதற்கு அது எதிரி என்று இங்கே ஒரு கம்பவுண்டர் சொன்னார். காலை ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்.

தனசேகரன்


சின்ன காஞ்சிபுரம்
31.3.2024

அன்புள்ள சேகருக்கு,

கம்பவுண்டர் சொன்னதையேதான் டாக்டரம்மாவும் சொன்னார். பீடியை விட்டு ஒரு வாரம் ஆகிறது. சரி, நான்கு நாள்.

போன புதன்கிழமை எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு கூடவில்லை. மூன்று மாதத்தில் வெள்ளையாகப் பாலம் கட்டியிருக்க வேண்டுமாம், என் படத்தில் நடுவில் ஒரு கறுப்புக் கோடு அப்படியே இருக்கிறது. "இப்போ உங்கள நிக்க வெச்சிக்கினு இருக்கிறது எலும்பு இல்ல, ராடுதான். எலும்பு கூடுறவரைக்கும்தான் அது தாங்கும். அதுக்கும் களைப்பு வரும்" என்றார் டாக்டரம்மா. நான் எலக்ட்ரீஷியன் என்று தெரிந்து, "வயர மடக்கி மடக்கிப் பாத்தா அறுந்துடுது இல்லீங்களா, அதே கததான்" என்று விளக்கினார். இடுப்பு எலும்பிலிருந்து கொஞ்சம் சுரண்டி எடுத்து, முறிந்த இடத்தில் வைத்து அடைக்க இன்னொரு ஆபரேஷன் செய்ய வேண்டுமாம். சித்திரையிலேயே வரச் சொன்னார். வைகாசிக் கருட சேவை முடியட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். சத்யா என்னோடு பேசுவதில்லை.

நீயாவது புரிந்துகொள். செப்புக் கம்பி அறும், ஒத்துக்கொள்கிறேன். இது என் கட்டைவிரல் தடிமனுக்கு இருக்கிற உலோகம். அந்த அடி அடித்தும் வளையாமல் உள்ளே போனது. என் எலும்பைவிட அது கெட்டி. தவிர, பாரம் தோளில்தானே?

வீராசாமி அண்ணன் வீட்டுக்கு வந்தார். அவர்தானே நம் தாங்கிகளுக்குப் பெரியவர். "கருட சேவைக்கு நீ தோள் குடுக்கலன்னா வலது தண்ட வேற ஜோடிக்குக் குடுத்துடுவேன் மாணிக்கம். அப்புறம் வருத்தப்படாத" என்றார். அவர்மேல் தப்பில்லை, ஜோடி ஜோடியாகத்தான் ஆள் நிறுத்த முடியும். உன் இடத்தில் வசந்தை நிறுத்திப் பார்த்திருக்கிறார். நல்ல பையன், ஆனால் என்னைவிட நாலு விரல் உயரம். அவன் எதிரே நின்றால் பெருமாள் என் பக்கம் சாய்வார், முழுப் பாரமும் எனக்குத்தான் வரும்.

எனக்குக் காய்ச்சல் இருந்த வருஷம் நீ என்ன செய்தாய்? ஒருவருக்கும் தெரியாமல் முட்டியை லேசாக மடித்து நடந்து, பாரத்தை உன் பக்கம் இழுத்துக்கொண்டாய். நான்கு வீதியும் அப்படியே வந்தாய். நானே மறுநாள்தான் கண்டுபிடித்தேன். இந்த முறையும் அது போதும், சேகர். கோபுர வாசலிலிருந்து முதல் மண்டபம்வரை நான் நடந்துவிட்டால் என் இடம் எனக்கு நிற்கும். பிறகு ஆபரேஷனுக்குப் போகிறேன். ஏணி ஏற முடியாத எலக்ட்ரீஷியனுக்கு வேறு என்ன மிச்சம் இருக்கிறது? தண்டுக்குக் கீழே நிற்கும்போதுதான் நான் ஒரு ஆள் என்று எனக்குத் தோன்றும். இதை உன்னிடம் தவிர வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

வருவாயா?

உன்
மாணிக்கம்


ஓசூர்
20.4.2024

அன்பு மாணிக்கத்துக்கு,

இரண்டு கடிதம் எழுதிக் கிழித்தேன். முதலாவதில் உனக்குப் பைத்தியமா என்று கேட்டிருந்தேன். இரண்டாவதில், டாக்டர் பேச்சைக் கேட்காவிட்டால் நான் ஜென்மத்துக்கும் எழுத மாட்டேன் என்று மிரட்டியிருந்தேன். இரண்டுமே எனக்கு உரிமையில்லாத பேச்சு. உன் காலை உடைத்தவன் உனக்குப் புத்தி சொல்ல முடியாது.

வருகிறேன். லீவு சொல்லிவிட்டேன். முதல் நாள் பஸ் ஏறினால் விடிகிற நேரத்துக்குக் காஞ்சிபுரத்தில் இருப்பேன். அக்கா வீட்டுக்குப் போகாமல் நேராகக் கோபுர வாசலுக்கு வந்துவிடுகிறேன். நீ கைத்தடியைக் கொடுத்துவிட்டு நிமிரும்போது எதிர்த் தண்டில் நான் இருப்பேன். முதல் மண்டபம்வரைதான், அதற்கு மேல் ஒரு அடி வைக்க விடமாட்டேன். அதுவரை உன் பாரம் என்னுடையது. நீ சும்மா தோளை ஒட்டிக்கொண்டு நடந்தால் போதும்.

மறந்தும் வசந்தோடு தூக்காதே. நான் வந்தால்தான் நீ தண்டுக்குக் கீழே போக வேண்டும். இதைச் சத்யாவிடம் சொல், கொஞ்சம் நிம்மதியாக இருப்பாள்.

தனசேகரன்


ஆஸ்பத்திரி, காஞ்சிபுரம்
9.6.2024

அன்புள்ள சேகருக்கு,

உன் அக்கா சொல்லித் தெரிந்திருக்கும். இருந்தாலும் நான் எழுதினால்தான் சரியாக இருக்கும்.

ஜீவிதாவிடம் கைத்தடியைக் கொடுத்துவிட்டு உன்னைத் தேடினேன். வாசலில், செருப்பு விடுகிற இடத்தில், பூக்கடைப் பக்கம் எல்லாம் பார்த்தேன். வீராசாமி அண்ணன், "நேரம் ஆகுது மாணிக்கம், இன்னா செய்யப் போற?" என்றார். வந்துகொண்டே இருப்பான் அண்ணா என்றேன். மேளம் எழும்பிவிட்டது. நீ வராமல் தூக்காதே என்று எழுதியிருந்தாய், நினைவில் இருந்தது. ஆனால் எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வசந்த் எதிரே வந்து நின்றான். நான் தண்டுக்குக் கீழே போனேன். தப்பு என்னுடையதுதான்.

இருபது அடி நன்றாக வந்தேன். பிறகு பெருமாள் என் பக்கம் சாய்வது தெரிந்தது. வசந்த் பாவம், குனியப் பார்த்தான், அவனுக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஸ்விட்ச் போடுவது போல ஒரு 'டக்' கேட்டது. வெளியே கேட்டதோ இல்லையோ, எனக்கு உள்ளே கேட்டது. கால் எனக்குக் கீழே இல்லை.

பின்னால் இருந்தவர்கள் தாங்கிக்கொண்டார்கள். பெருமாள் கீழே விழவில்லை, ஆனால் கருடன் சிறகு ஒரு பக்கம் தரையைத் தொட்டுவிட்டது. ஜனங்கள் "ஐயோ" என்று கத்தியது என் காதை விட்டுப் போகவே இல்லை. தீர்த்தம் தெளித்து, மாலையைச் சரிசெய்து, ஒரு மணி நேரம் கழித்துத்தான் புறப்பாடு நகர்ந்ததாம். இதுவரை ஒருவரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நம்மோடு தூக்குகிற சிட்டிபாபு ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்து பார்த்துவிட்டு, மழையைப் பற்றியே பேசிவிட்டுப் போனான். முகத்துக்கு நேரே திட்டியிருந்தால் நான் அழுதாவது தீர்த்திருப்பேன்.

ராடு கறுப்புக் கோடு இருந்த இடத்திலேயே உடைந்திருக்கிறது. டாக்டரம்மா படத்தைக் காட்டினார்.

உனக்கு என்ன ஆயிற்று? லீவு கொடுக்கவில்லையா? உடம்புக்கு ஏதாவதா? நாலு வரி எழுது. கோபித்துக்கொண்டு கேட்கவில்லை.

உன்
மாணிக்கம்


சின்ன காஞ்சிபுரம்
18.8.2024

அன்புள்ள சேகருக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. விலாசம் மாறவில்லை என்று உன் அக்கா சொன்னாள், அதனால் எழுதுகிறேன்.

உடைந்த ராடில் மேல் துண்டு சுலபமாக வந்துவிட்டது. கீழ்த் துண்டை எலும்புக்குள்ளிருந்து கொக்கி போட்டு இழுக்க வேண்டியிருந்தது, ஐந்து மணி நேரம் ஆனது. புது ராடு போட்டார்கள். இருபதாம் நாள் தையல் போட்ட இடத்தில் சீழ் வந்தது. மறுபடி திறந்து அதையும் எடுத்துவிட்டார்கள். இப்போது உள்ளே இரும்பு இல்லை, எல்லாம் வெளியே. தொடையைச் சுற்றி வளையம் மாட்டி, எலும்பு வழியாகக் கம்பி கோத்து நிறுத்தியிருக்கிறார்கள். கம்பி போகும் துளைகளைச் சத்யா தினம் இரண்டு வேளை துடைக்கிறாள். அவள் அழுவதில்லை. அழுதால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருக்கும்.

அழுகின எலும்பைச் சுரண்டி எடுத்ததில் கால் நாலு சென்டிமீட்டர் குட்டை. எல்லாம் நல்லபடியாக ஆறினாலும் அப்படித்தான் இருக்கும் என்கிறார் டாக்டரம்மா. ஒரு நாள் தனியாக உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். இனிமேல் எதிரே எவன் நின்றாலும் பாரம் என் பக்கம்தான் வரும். வீராசாமி அண்ணன் சிட்டிபாபுவையும் வசந்தையும் ஜோடி சேர்த்து, என் வலது தண்டைச் சிட்டிபாபுவுக்குக் கொடுத்துவிட்டார். என்னிடம் வந்து சொல்லவில்லை, ஜீவிதா பள்ளிக்கூடத்தில் கேட்டுவந்து சொன்னாள்.

நீ வராததைப் பற்றி எல்லோரும் கேட்டார்கள். கிருஷ்ணகிரி தாண்டி பஸ் பழுதாகி நின்றுவிட்டது, பாவம் அவன் வழியிலேயே தவித்துக்கொண்டிருந்தான் என்று சொல்லியிருக்கிறேன். உன்னை யாராவது கேட்டால் அதையே சொல். முதலில் சத்யாவுக்குச் சமாதானம் சொல்லத்தான் இதைக் கட்டினேன். சொல்லச் சொல்ல எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. வெயிலில் பஸ் பக்கத்தில் நீ வாட்சைப் பார்த்துக்கொண்டு நிற்பது எனக்குத் தெரிகிறது.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை, மன்னித்துவிட்டேன் சேகர். பெருமாள் சாட்சியாகச் சொல்கிறேன். வர முடியாதவன் வராமல் போவான், அதற்கு என்ன செய்வது. வந்து பார்க்க வேண்டாம். எழுது, அது போதும். படுத்திருப்பவனுக்குப் பகல் மிக நீளம்.

உன்
மாணிக்கம்


ஓசூர்
20.10.2024

அன்பு மாணிக்கத்துக்கு,

பஸ் பழுதாகவில்லை.

நான் வந்தேன். விடிவதற்கு முன்பே வந்துவிட்டேன். குளித்து, வேட்டி மாற்றி, தோளுக்குச் சும்மாடு சுற்றி, பூக்கடைக்குப் பின்னால் அந்த வளையல் கடை இருக்கிறதே, அதன் படுதாவுக்குப் பக்கத்தில் நின்றேன். நீ ஜீவிதாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி வந்ததைப் பார்த்தேன். உன்னை அப்படி நான் பார்த்ததே இல்லை. மனதுக்குள் நீ பழையபடிதான் நடந்துகொண்டிருந்தாய்.

நீ தேடியது தெரிந்தது. உன் பார்வை ஒரு முறை என்மேல் வந்துவிட்டுப் போனது. மீசையை எடுத்திருந்தேன், உனக்குத் தெரியவில்லை. இரண்டு அடி வைத்தேன். பக்கத்தில் யாரோ ஒரு அம்மா, "இவன இந்தக் கதிக்கு ஆக்கினவன் எங்க ஓடிட்டான்னே தெரியலியாமே" என்றாள். கால் நின்றுவிட்டது. எல்லோர் முன்னாலும் உன் எதிரே போய் நிற்க என்னால் முடியவில்லை. வசந்த் போவதைப் பார்த்ததும், அப்பாடா என்று இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், அப்பாடா என்றுதான் இருந்தது.

நீ தூக்கினாய். பத்தாவது அடியிலேயே பாரம் முழுவதும் உன் பக்கம் வந்துவிட்டது எனக்குத் தெரிந்துவிட்டது. கத்தியிருக்கலாம். வசந்தைத் தள்ளிவிட்டு உள்ளே நுழைந்திருக்கலாம், எட்டு அடி தூரம்தான். நான் என்ன செய்தேன் தெரியுமா? கூட்டத்தில் நின்ற இடத்திலேயே முட்டியை மடித்துக்கொண்டு நின்றேன். நீ விழுந்த பிறகுதான் என் முட்டி மடிந்திருப்பதை நானே கவனித்தேன். அங்கிருந்து ஓடினேன். பஸ் ஸ்டாண்டு வரும்வரை சும்மாடு தோளிலேயே இருந்தது.

நீ எனக்காகப் பஸ்ஸை நிறுத்தி வைத்திருக்கிறாய். நாயைப் பற்றி நான் சொன்ன பொய்யை நீ சுமந்தாய், இதையும் சுமக்கிறாய். உனக்கு உண்மை தெரிய வேண்டும் என்று நினைத்தேன். என்னை மன்னித்துவிடு என்று கேட்க மாட்டேன். நீ ஏற்கெனவே மன்னித்துவிட்டதாக எழுதியிருக்கிறாய், அதனால்தான் தைரியம் வந்து இதை எழுதினேன்.

தனசேகரன்


சின்ன காஞ்சிபுரம்
10.11.2024

தனசேகரனுக்கு,

கடிதம் வந்தது. ஜுரமாக இருந்ததால் சத்யாவைப் படிக்கச் சொன்னேன். வளையல் கடை வரைக்கும் சத்தமாகப் படித்தாள். பிறகு நிறுத்திவிட்டு மனதுக்குள் படித்தாள். நான்தான் வாங்கி மீதியைப் படித்தேன்.

சீழ் நிற்கவில்லை. வளையத்தைக் கழற்றிவிட்டுக் காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிடுவது நல்லது என்று டாக்டரம்மா சத்யாவிடம் வெளியே வைத்துச் சொன்னாராம். என்னிடம் இன்னும் ஒருவரும் சொல்லவில்லை. எடுக்க வேண்டியதுதான். இதற்கு நீ காரணம் இல்லை. டாக்டர் வேண்டாம் என்றார், நீ வேண்டாம் என்றாய், நான் போனேன். அதில் எனக்குக் குழப்பமே இல்லை.

ஐந்து மாதமாக இந்தக் கட்டிலில் எனக்கு இருந்த ஒரே துணை, வர முடியாமல் வழியில் தவித்த சேகர்தான். வலி அதிகமான பகல்களில் அவனிடம் பேசியிருக்கிறேன். "பரவால்லப்பா, நீ இன்னா பண்ணுவே" என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அவன் ஒரு நாளும் என்னைக் கைவிடவில்லை. உன் கடிதம் அவனையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. உனக்கு மனசு லேசாகியிருக்கும். அந்த நேரத்தில் என்னைப் பற்றி நினைத்தாயா என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்டு என்ன ஆகப்போகிறது.

இனி எழுதாதே. வந்தால் பிரிக்காமல் திருப்பிவிடச் சொல்லியிருக்கிறேன். உன் அக்காவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். தெருவில் கேட்டால் பஸ் பழுதாகித்தான் நின்றது.

மன்னித்துவிட்டதாக நான் எழுதியது பொய்யில்லை. வராதவனை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன். வந்தவனை என்னால் முடியவில்லை.

மாணிக்கவேல்